கட்டடத்துக்கு வெளியே வரைந்த பேருந்து: ஒரு நடுநிலைப் பள்ளியில் பாலியல் தொல்லைத் தடுப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் கிராமப்புற மாவட்டம் ஒன்றில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நடக்கும் நடுநிலைப் பள்ளி இது. இரண்டு தளக் கட்டடம். பிள்ளைகளில் பெரும்பாலானோர் பள்ளிப் பேருந்தில் வந்து போகிறவர்கள்; சிலருக்கு ஒரு வழிப் பயணமே முக்கால் மணி நேரம். பள்ளியையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டே எழுதுகிறோம்.

இதில் ஈடுபட்டவை நான்கு தரப்புகள். பள்ளி நிர்வாகம், பாதிக்கப்பட்டோருக்கான உள்ளூர் உதவி மையம், மாநில சுகாதாரத் துறை, பாலியல் வன்முறைத் தடுப்புக்கான தேசிய ஆய்வு மையம். உள்ளூர் மையத்தில் தடுப்பு வேலைக்கென்று இருந்தவர் ஒரே ஒரு பணியாளர். தேசிய மையம் என்றதும் புகார் கொடுக்கிற இடம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் வேலை வேறு. எந்தத் தடுப்பு முயற்சி முறையாகச் சோதிக்கப்பட்டது, எதில் பலன் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்று ஆய்வுகளைத் திரட்டுவது. அதைக் களத்தில் இருப்பவர்கள் கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருவது. அவர்கள் அழைத்தால் கூட உட்கார்ந்து திட்டத்தைச் செப்பனிடுவது.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது வன்புணர்வுத் தடுப்பு மற்றும் கல்வித் திட்டம். அதன் நிதியைச் சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலச் சுகாதாரத் துறைகளுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து அது உள்ளூர் மையங்களுக்குப் போகிறது. வன்முறை நடப்பதற்கு முன்பே தடுக்கும் வேலைக்கான பணம் அது. பாதிக்கப்பட்டவருக்கு ஆலோசனை வழங்கும் செலவை அதில் எழுத முடியாது. இந்த நிபந்தனை பின்னால் குறுக்கே வந்து நின்றது.

முதல் நடவடிக்கை: 45 நிமிடக் கூட்டம்

ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து இது ஆரம்பிக்கிறது. வகுப்பு மாறும்போது மேற்குப் படிக்கட்டில் பின்னாலிருந்து உள்ளாடைப் பட்டையை இழுத்துவிடுவது, வழியை மறித்து நிற்பது, உடம்பைப் பற்றிக் கூவுவது. தாய் நேரில் வந்து சொன்ன பிறகுதான் அலுவலகம் பழைய பதிவுகளைப் புரட்டியது. அதே படிக்கட்டைப் பற்றி அந்த ஆண்டில் ஏற்கெனவே மூன்று குறிப்புகள் இருந்தன. மூன்றுமே ‘விளையாட்டுச் சீண்டல்’ என்ற தலைப்பில் பதிவாகி, எச்சரிக்கையோடு முடிக்கப்பட்டிருந்தன.

கூட்டம் ஒன்று நடத்தித் தருமாறு பள்ளி உள்ளூர் மையத்தைக் கேட்டது. ஏப்ரல் மாதம் அது. 2001 முதல் நாடு முழுக்கப் பாலியல் வன்முறை விழிப்புணர்வு மாதமாக அனுசரிக்கப்படுவதால் தேதி எளிதில் கிடைத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று வகுப்புகளும் ஒன்றாக உட்கார்ந்தன. 45 நிமிடம். தொல்லை என்றால் என்ன, சம்மதம் என்றால் என்ன, யாரிடம் சொல்வது. முன்னும் பின்னும் ஒரு வினாத்தாள். பின்னதில் சரியான விடைகள் கூடியிருந்தன. கூட்டம் வெற்றி என்று எழுதியாயிற்று.

இரண்டு வாரம் கழித்து அதே படிக்கட்டிலிருந்து அடுத்த புகார் வந்தது.

பணியாளரின் மேல் குறை சொல்வதற்கில்லை. கேட்டதை நன்றாகவே செய்து கொடுத்தார். கோளாறு கேட்ட பொருளில் இருந்தது. 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பலன் தரும் தடுப்புத் திட்டங்களின் ஒன்பது பொதுப் பண்புகளை வரிசைப்படுத்தியது. போதிய அளவு, அதாவது பலன் தருமளவுக்கு நேரமும் அமர்வுகளும் இருப்பது, அதில் ஒன்று. 2014இல் சிடிசி ஆய்வாளர்கள் பாலியல் வன்முறைத் தடுப்பு பற்றிய 140 மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இப்படிப்பட்ட குறுகிய நிகழ்ச்சிகள். அவற்றால் நடத்தை நிலையாக மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. செய்யக்கூடாது என்று தெரிந்துகொண்டே செய்கிற பையனுக்கு, தெரியாததைச் சொல்லிக்கொடுக்கும் கூட்டத்தால் என்ன ஆகும்?

தேசிய மையம் கேட்ட கேள்விகள்

அடுத்த கல்வியாண்டுக்கு இன்னும் நல்ல கூட்டமாக ஒன்று வேண்டும் என்று பணியாளர் தேசிய மையத்தை அழைத்தார். மையத்தின் ஆலோசகர் பாடத்திட்டம் எதையும் எடுத்துத் தரவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். எந்த இடத்தில் நடக்கிறது? எந்த நேரத்தில்? அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் பொறுப்பான பெரியவர் யார், அவர் எங்கே நிற்கிறார்?

மேற்குப் படிக்கட்டு, வகுப்பு மாறும் நேரம் என்பவற்றைத் தவிர மூன்றுக்கும் விடை இல்லை. அதுவும்கூடத் தாய் ஒருவர் வந்து சொன்னதால் தெரிந்ததுதான்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருக்கிறது. நியூயார்க் நகரின் 30 அரசு நடுநிலைப் பள்ளிகளில் 6, 7ஆம் வகுப்புகளில் ‘ஷிஃப்டிங் பவுண்டரிஸ்’ என்ற திட்டம் சோதிக்கப்பட்டது. சில பள்ளிகளில் ஆறு அமர்வு வகுப்புப் பாடம் மட்டும். சிலவற்றில் கட்டடம் சார்ந்த வேலை மட்டும்: மாணவர்களே வரையும் ஆபத்திட வரைபடம், அந்த இடங்களில் பெரியவர் இருப்பு, சுவரொட்டி, தொல்லை தந்த மாணவர் விலகி நிற்பதற்கான எழுத்து உடன்பாடு. சிலவற்றில் இரண்டும். சிலவற்றில் எதுவும் இல்லை. பாடம் மட்டும் நடந்த இடங்களில் தொல்லை குறையவில்லை. கட்டட வேலை நடந்த இடங்களில், பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்தது.

கட்டட வேலையையே எடுக்கலாம் என்று முடிவானது. சான்று ஒரு காரணம். ஒரே பணியாளரைக் கொண்டு எல்லா வகுப்புக்கும் ஆறு அமர்வு நடத்த முடியாது என்பது இன்னொன்று. மையம் ஓர் எச்சரிக்கையும் தந்தது: பெருநகரப் பள்ளியில் சோதிக்கப்பட்டதைக் கிராமப்புறப் பள்ளியில் அப்படியே இறக்கக்கூடாது, உங்கள் பள்ளியில் வேறாக இருப்பது எது என்று முதலில் பாருங்கள். அதற்குப் பள்ளி பெரிதாகச் செவிகொடுக்கவில்லை. விடை பிள்ளைகளிடமிருந்து வந்தது.

வரைபடம் எடுத்த விதம்

செய்முறை எளிமையானது. கட்டடத்தின் தள வரைபடத்தை ஆளுக்கொரு தாளில் கொடுப்பது. பாதுகாப்பாகத் தோன்றும் இடத்துக்குப் பச்சை, ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடத்துக்கு மஞ்சள், பாதுகாப்பில்லாத இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுதக்கூடாது, தன் பெயரையும் பிறர் பெயரையும். இவ்வளவுதான் என்றாலும் முதல் ஒத்திகையில் நான்கு இடத்தில் சறுக்கியது.

தீயணைப்புக்கான தள வரைபடத்தை அப்படியே நகலெடுத்திருந்தார்கள். குழாய்க் குறிகளும் அளவுக் கோடுகளும் நிறைந்து கிடந்த தாளில் பிள்ளைகளால் தங்கள் வகுப்பறையையே கண்டுபிடிக்க முடியவில்லை. சுவர், கதவு, படிக்கட்டு மட்டும் வைத்து, அறைகளுக்குப் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்லும் பெயரைப் போட்டு மறுபடி வரைந்தார்கள்.

இரண்டாவது, நேரம். உணவுக்கூட வாசல் நண்பகலில் பச்சை. காலையில் முதல் மணிக்கு முன்னால் அதுவே சிவப்பு. வண்ணம் மட்டும் இருந்தால் இது தெரியாது. எனவே வண்ணத்தின் மேல் 1, 2, 3 என்று எழுதச் சொன்னார்கள்: முதல் மணிக்கு முன், வகுப்பு மாறும் நேரம், கடைசி மணிக்குப் பின்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தொல்லை கொடுப்பவனும் தொல்லைக்கு ஆளானவளும் ஒரே மேசையில் அருகருகே இருக்கலாம். ஒத்திகையில் ஒரு மாணவி பக்கத்துத் தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன் சிவப்பு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவர் தாள் முழுக்கப் பச்சையாக வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மேசையிலும் அட்டைக் கோப்பைத் தடுப்பாக நிறுத்தினார்கள். எல்லோர் தாளிலும் ஏதாவது தீட்டியாக வேண்டும் என்பதற்காக, முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பச்சையை மட்டும் தீட்டச் சொன்னார்கள். தாளை மடித்து, பூட்டிய பெட்டியின் துவாரத்தில் அவரவரே போட வேண்டும். ஆசிரியர் கையில் வாங்கக் கூடாது.

நான்காவது, தாளிலேயே யாராவது தன் கதையை எழுதிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருந்தது. சிறார் மீதான பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தால் ஆசிரியர்கள் புகாரளித்தே ஆக வேண்டும் என்பது எல்லா மாநிலங்களிலும் சட்டம். ஆகவே தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள்: வரைபடம் இடத்தைப் பற்றியது, உனக்கு நடந்ததைச் சொல்ல விரும்பினால் இன்னார் அறை இங்கே, இப்போதே போகலாம், சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பது இது. வரைகிற நேரம் முழுக்கப் பள்ளி ஆலோசகரும் உள்ளூர் மையத்தின் பணியாளரும் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

தெரியவந்தவை

இதே தாளை ஊழியர்களுக்கும் கொடுத்தார்கள். செய்த வேலைகளில் இதற்கு இணையான பலன் வேறெதிலும் கிடைக்கவில்லை. பெரியவர்களின் சிவப்பு வெளி வாயிலிலும் பின்புற வாகன நிறுத்தத்திலும் விழுந்திருந்தது. வெளியாள் வந்துவிடுவான் என்ற பயம். நடைகூடங்களும் படிக்கட்டுகளும் அவர்கள் தாளில் பச்சை. பிள்ளைகள் தாளில் வாயில் பச்சை. மேற்குப் படிக்கட்டின் திருப்பம், லாக்கர் வரிசையின் கடைசி முனை, இரண்டும் சிவப்பு, மேலே 2.

படிக்கட்டு ஏன் பெரியவர் கண்ணுக்குப் பச்சை? வகுப்பு மாறும் நான்கு நிமிடத்தில் தலைமையாசிரியரும் பணியாளரும் அங்கேயே போய் நின்று பார்த்தார்கள். மேல்தளத்தில் பொறுப்பு ஆசிரியர் தன் வகுப்பறைக் கதவை முதுகால் தாங்கிப் பிடித்தபடி நடைகூடத்தைப் பார்த்து நின்றார். கீழ்த்தளத்தில் இன்னொருவர் அதேபோல. இருவரும் தவறாமல் தத்தம் இடத்தில் இருந்தார்கள். ஆனால் படிக்கட்டு பாதியில் திரும்புகிறது. திருப்பத்தில் இருக்கும் தளமேடை மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது. இருவர் காவலில் இருக்க, நடுவில் யார் கண்ணிலும் படாத பத்தடி.

பேருந்து வெளிப்பட்டது இன்னொரு விதமாக. அச்சிட்ட தாளில் கட்டடம் மட்டும்தான் இருந்தது. ஆறாம் வகுப்புத் தாள்கள் பலவற்றில், கட்டடத்தின் வெளிக்கோட்டைத் தாண்டி, ஓரத்து வெற்றிடத்தில், ஒரு நீளப் பெட்டி. அடியில் சக்கரங்கள். பின்பாதி சிவப்பு. யாரும் வரையச் சொல்லவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் வரையவும் முடியாது, நடுவில் அட்டை இருந்தது. தாளில் இடம் கொடுக்காததைத் தாங்களே இடம் உண்டாக்கிச் சொல்லியிருந்தார்கள். சில தாள்களில் வழித்தட எண்ணும் இருந்தது. பெரும்பாலும் ஒரே எண், மிக நீளமான வழித்தடம்.

பேருந்தை ஓட்டியது ஒப்பந்த நிறுவனம். அதன் ஓட்டுநர்கள் பள்ளியின் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டதில்லை. கேமரா இருந்தது, புகார் வந்தால் மட்டுமே பதிவைப் பார்ப்பார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

படிக்கட்டில் பெரியவர் நிற்கும் இடத்தைத் திருப்பத்துத் தளமேடைக்கு மாற்றினார்கள். நிற்பவர் பெயரோடு அவர் விடுப்பில் இருந்தால் நிற்க வேண்டியவர் பெயரும் பட்டியலில் ஏறியது. பதிலி ஆசிரியர் வரும் நாட்களில் இந்த ஏற்பாடு அறுந்துபோவது வழக்கம் என்பதால் அது அவசியமாக இருந்தது. எப்படி நிற்பது என்பதும் எழுதப்பட்டது: சுவரில் சாய்ந்து, பிள்ளைகள் ஏறிவரும் பக்கம் முகம் வைத்து, கைபேசி இல்லாமல், வருகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து. போலீஸ்காரர்போல் நிற்கும் பெரியவரைக் கண்டால் பிள்ளைகள் வேறிடம் தேடுவார்கள். பெயர் தெரிந்த பெரியவரிடம்தான் வந்து சொல்வார்கள்.

பேருந்தில் ஆறாம் வகுப்பினருக்கு முன் இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. நீண்ட வழித்தடத்துக்கு ஓர் உதவியாளர். மற்ற வழித்தடங்களில் வாரத்துக்கு ஒருமுறை, புகார் இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு பயணத்தின் கேமராப் பதிவைப் பார்ப்பது. ஓட்டுநர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. அதில் பாதி நேரம் அவர்களைப் பேசவிட்டார்கள். எந்த நிறுத்தத்துக்குப் பிறகு பின்னிருக்கையில் சத்தம் மாறுகிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை.

தொல்லை கொடுத்தது உறுதியான மாணவர்களுக்கு விலகல் உடன்பாடு. ஒரே பக்கம்: எந்த நடத்தை, எந்த இடங்கள், இனி எந்த வழியாகப் போக வேண்டும், மறுபரிசீலனை எந்தத் தேதியில். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரின் கையொப்பம். வழியை மாற்றிக்கொள்ள வேண்டியவர் தொல்லை கொடுத்தவரே, தொல்லைக்கு ஆளானவர் அல்ல என்பதில் தேசிய மையம் கறாராக இருந்தது. அதுவரை பள்ளி செய்துவந்தது நேர் எதிர்: அந்த ஏழாம் வகுப்பு மாணவியைத்தான் கிழக்குப் படிக்கட்டில் போகச் சொல்லியிருந்தார்கள், அதனால் அவர் வகுப்புக்குத் தாமதமானதும் பதிவேட்டில் ஏறியிருந்தது. இந்த உடன்பாடு முறையான விசாரணைக்கு மாற்றல்ல என்பதும் அதிலேயே அச்சிடப்பட்டது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டப்படி மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைப்பாளருக்கு ஒவ்வொன்றும் தெரிவிக்கப்பட்டது.

பதிவேட்டிலிருந்து ‘விளையாட்டுச் சீண்டல்’ என்ற தலைப்பு நீக்கப்பட்டது. இனி நடந்த செயலையே எழுத வேண்டும்: தொட்டது, ஆடையை இழுத்தது, வழிமறித்தது, உடல் பற்றிப் பேசியது. கருத்துக்கணிப்பிலும் இதே முறை. உளவியலாளர் மேரி காஸ் 32 உயர்கல்வி நிறுவனங்களில் 6,159 மாணவர்களிடம் பாலியல் வன்முறை பற்றி நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தத் துறை கற்ற பாடம் இது. உனக்குத் தொல்லை நடந்ததா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். இன்ன செயல் நடந்ததா என்று கேட்டால் ஆம் என்பார்கள்.

தவறிப்போனவை

லாக்கர் முனைக்கு அருகிலிருந்த கழிப்பறையும் சில தாள்களில் சிவப்பாக இருந்தது. பள்ளி யாரிடமும் கேட்காமல் அதைப் பூட்டிவிட்டது. அடுத்த வாரமே கீழ்த்தளக் கழிப்பறை வாசலில் வரிசை நீண்டது, தொல்லையும் அங்கே நகர்ந்தது. சில மாணவிகள் பள்ளி நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்ததைச் செவிலியர் கவனித்துச் சொன்னார். பத்து நாளில் திறந்துவிட்டார்கள். பூட்டுக்குப் பதில் அந்த முனையில் ஓர் ஆசிரியரின் மேசை போடப்பட்டது.

இன்னொன்று: தொகுத்த வரைபடத்தை ஊழியர் அறைச் சுவரில் ஒட்டியது. அங்கே போய்வந்த ஒரு மாணவர் அதைப் படமெடுக்க, மாலைக்குள் எல்லோர் கைபேசியிலும் அது இருந்தது. எந்தத் தாள் யாருடையது என்று அதில் இல்லை என்றாலும், நீ எந்த இடத்தைத் தீட்டினாய் என்ற கிண்டல் ஒரு வாரம் ஓடியது. வாக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகளிடமிருந்து அந்தத் தாள்களை வாங்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் வகுப்பு வகுப்பாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

புகார் கூடியபோது

மூன்றாம் மாதத்தில் புகார்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடத் தெளிவாகக் கூடியது. மாவட்டக் கல்விக் குழு உறுப்பினர் ஒருவர், பணம் செலவழித்துப் பிரச்சினையைப் பெருக்கியிருக்கிறீர்கள், நிறுத்திவிடுங்கள் என்றார். திட்டம் அன்று முடிந்திருக்க வேண்டியது.

நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒரே ஒரு தாள். தொடங்கும் முன்பே தேசிய மையம் எழுதி வாங்கி வைத்திருந்தது: முதல் ஆறு மாதத்தில் புகார் கூடும் என்று எதிர்பார்க்கிறோம், பிள்ளைகள் நம்பிச் சொல்லத் தொடங்குவதாலும், பதிவேட்டின் தலைப்பு மாறுவதாலும். புகார் எண்ணிக்கையை வைத்து வெற்றி தோல்வி பேச மாட்டோம். ஆண்டு இறுதியின் பெயரற்ற கருத்துக்கணிப்பையும் இரண்டாம் வரைபடத்தையும் வைத்துப் பேசுவோம். அடியில் தலைமையாசிரியரின் கையொப்பமும் கல்விக் குழுத் தலைவரின் கையொப்பமும். அந்தத் தாளைக் குழுவின் முன் வைத்தார்கள். எண்ணிக்கை ஏறிய பிறகு இதே விளக்கத்தைச் சொல்லியிருந்தால் சாக்காகத்தான் கேட்டிருக்கும்.

நிதி நிபந்தனை குறுக்கே வந்ததும் இங்கேதான். சொல்ல வந்த பிள்ளைகளுக்குப் பள்ளி ஆலோசகரின் நேரம் போதவில்லை. தடுப்பு நிதியை அதற்குத் தொட முடியாது. உள்ளூர் மையம் வேறு நிதியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் ஓர் ஆலோசகரை அனுப்பும்வரை மூன்று வாரம் போனது. தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்து சொன்ன பிள்ளைக்கு மூன்று வாரம் என்பது மிக நீண்ட காலம்.

விளைவு

ஆண்டு இறுதி வரைபடத்தில் படிக்கட்டின் திருப்பம் பெரும்பாலும் மஞ்சள், சிலவற்றில் பச்சை. லாக்கர் முனை வெளுத்தது. நீண்ட வழித்தடப் பேருந்தின் பின்பாதி உதவியாளர் வந்த பிறகு மாறியது. மற்ற வழித்தடங்களில் சிவப்பு அப்படியேதான் இருந்தது, கேமராப் பார்வையால் மட்டும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கருத்துக்கணிப்பில் தொட்டது, ஆடையை இழுத்தது என்ற இரண்டும் குறைந்தன. உடல் பற்றிய பேச்சு குறையவில்லை.

ஒப்பிட இன்னொரு பள்ளி இல்லாததால் இந்த மாற்றம் முழுவதையும் இந்த வேலையின் கணக்கில் எழுத முடியாது. எட்டாம் வகுப்பில் தொல்லைக்குப் பேர்போன சிலர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் இந்த வேலை தொடங்குவதற்கு முந்தைய கோடையில்தான். அந்த ஏழாம் வகுப்பு மாணவி மேற்குப் படிக்கட்டையே மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஆலோசகரின் கூடுதல் நேரத்துக்கான நிதியும் ஆளும் உறுதியான பிறகே பிள்ளைகள் கையில் தாளைக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர்கள், செவிலியர், துப்புரவுப் பணியாளர், உணவுக்கூடப் பணியாளர் ஆகியோரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். தொகுத்த வரைபடம் அச்சாகக் கூடாது. கூட்டத்தில் திரையில் காட்டிவிட்டு மூடிவிட வேண்டும். ஓர் இடத்தைப் பூட்டுவது, மூடுவது போன்ற எந்த முடிவுக்கும் முன்னால் அந்த இடத்தைப் பயன்படுத்தும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பேச்சால் வரும் தொல்லைக்கு இடத்தை மாற்றுவது போதவில்லை என்பதால், ஆறாம் வகுப்புக்கு மட்டும் ஆறு அமர்வுப் பாடமும் சேர்க்கப்படுகிறது. மூன்று வகுப்புக்கும் ஒரே பணியாளரால் இன்னும் முடியாது.

புதிய தாளில் கட்டடத்தோடு பேருந்தும் நிறுத்தங்களும் அச்சாகியிருக்கின்றன. ஓரத்து வெற்றிடம் முன்பைவிட இரண்டு விரல் அகலம் கூட்டப்பட்டிருக்கிறது.